சேணம் தைத்த கை: ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் ஏன் இத்தனை வேலை பார்த்தார்?

கேள்வி இதுதான்: சார்லஸ் வில்சன் பீல் அமெரிக்காவின் தொடக்க கால ஓவியர்களில் முக்கியமானவர், ஜார்ஜ் வாஷிங்டனை எதிரில் உட்காரவைத்து ஏழு முறை வரைந்தவர். அப்படிப்பட்டவர் எதற்காக எலும்பு தோண்டப் போனார், இறந்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்து நிறுத்தினார், பாலத்துக்கு வரைபடம் போட்டார், பொய்ப்பல் செய்தார்? ஓவியத்தோடு நின்றிருந்தால் இன்னும் பெரிய ஓவியராகியிருப்பாரா?

இருக்கலாம். ஆனால் பீலின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அவர் முதலில் கைவினைஞர். ஓவியம் அந்தக் கை பிறகு கற்றுக்கொண்ட பல தொழில்களில் ஒன்று. அவர் அறிவியலுக்குள் போனதும் அதே கையோடுதான். இதை விளங்கிக்கொள்ளாமல் அவரைப் 'பல்துறை மேதை' என்று மாலை போட்டு நிறுத்தினால் அவரிடம் இருக்கும் சுவாரசியமான விஷயம் கைநழுவிப் போகும்.

பீல் 1741-இல் மேரிலாந்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். லண்டனில் அஞ்சல் துறையில் வேலை பார்த்தபோது பண மோசடி செய்து பிடிபட்டு, தண்டனையாக அமெரிக்கக் குடியேற்றத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்துபோனார். தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்னாபொலிஸ் நகருக்கு வந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பையனைப் பதின்மூன்று வயதில் ஒரு சேணக்காரரிடம் தொழில் பழக விட்டார்கள். குதிரைச் சேணம் தைப்பது சாதாரண வேலை இல்லை. உள்ளே மரத்தாலான சட்டம், அதன் மேல் நிரப்பு, அதன் மேல் இழுத்துப் பிடித்துத் தைத்த தோல். குதிரையின் முதுகும் ஏறுபவரின் உடலும் இரண்டுமே கணக்கில் வர வேண்டும். ஏழெட்டு வருடம் இந்த வேலையில் கை தேறியவர் பீல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொழில் பழகி முடித்து, 1762-இல் ரேச்சல் புரூவரை மணந்து, சொந்தக் கடை போட்டார். கூடவே மெத்தை இருக்கை வேலை, கடிகாரம் பழுதுபார்ப்பது, வெள்ளி வேலை எல்லாவற்றிலும் கைவைத்தார். கடன் ஏறியது. தோல் வாங்க நார்ஃபோக் போன இடத்தில் யாரோ வரைந்த சில ஓவியங்களைப் பார்த்தார். படங்கள் சுமார்தான். இதை நாமே இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. பிலடெல்பியா போய் வண்ணங்களையும், வண்ணம் தயாரிப்பது பற்றிய ஒரு கையேட்டையும் வாங்கி வந்தார். பிறகு ஜான் ஹெஸ்ஸீலியஸ் என்ற உருவப்பட ஓவியரிடம் போய் ஒரு பேரம் பேசினார்: நான் ஒரு சேணம் செய்து தருகிறேன், நீங்கள் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள். ஹெஸ்ஸீலியஸ் ஒத்துக்கொண்டார். ஒரு முகத்தின் பாதியை அவர் வரைந்துவிட்டு, மறுபாதியைப் பீலிடம் விட்டார்.

பீலை முழுக்கப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவமே போதும் என்று எனக்குப் படும். ஓவியம் அவருக்குத் தெய்வ அருளாகவோ பரம்பரைச் சொத்தாகவோ வரவில்லை. சேணம் கொடுத்து வாங்கிய தொழில் அது. ஒரு பாதியைப் பார், மறுபாதியை நீ செய். அவர் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்ட முறையே இப்படித்தான்.

அரசியல் குறுக்கே வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்கள் பக்கம் பீல் சேர்ந்தார். கடன் கொடுத்தவர்கள் மறுபக்கம். வழக்குப் போட்டார்கள். சிறைக்குப் பயந்து 1765-இல் வடக்கே நியூ இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே பாஸ்டனில் காப்லியின் ஓவியங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. திரும்பி வந்தபின் அன்னாபொலிஸ் பெரியவர்கள் சிலர் பணம் திரட்டி அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவில் பிறந்து லண்டனில் பெயர் வாங்கியிருந்த பெஞ்சமின் வெஸ்ட்டிடம் 1767 முதல் 1769 வரை இருந்தார். எண்ணெய் வண்ண ஓவியத்தோடு நுண்ணோவியம், செதுக்கு அச்சு, களிமண் உருவம் என்று கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

1772-இல் மவுண்ட் வெர்னனில் வாஷிங்டனை வரைந்தார். வர்ஜீனியா படைப்பிரிவின் கர்னல் உடையில் நிற்கும் அந்தப் படம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் வாஷிங்டன் உருவங்களில் முதலாவது. அதே ஆண்டு வரையத் தொடங்கிய இன்னொன்று, பெரியம்மையில் இறந்த தன் கைக்குழந்தையின் உடல் அருகே மனைவி ரேச்சல் கண்ணீரோடு இருக்கும் படம். வாஷிங்டன் படத்தைவிட எனக்கு இது பெரியது. குழந்தையின் கைகள் பக்கவாட்டில் நாடாவால் கட்டப்பட்டிருக்கும். தாடையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. பக்கத்தில் பயன்படாமல் போன மருந்துப் புட்டிகள். துயரத்தை மிகைப்படுத்தாமல் உள்ளதை உள்ளபடி பார்க்கும் கண் அது. பிற்காலத்தில் ஒரு பறவையின் இறகையும் ஒரு எலும்பின் மூட்டையும் பார்த்ததும் இதே கண்தான்.

1776-இல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். விடுதலைப் போரில் ஊர்க்காவல் படையில் சேர்ந்து ஒரு பிரிவின் தலைவரானார். பிரின்ஸ்டன் சண்டையில் 1777 ஜனவரியில் நேரடியாக இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், நியூ ஜெர்சி வழியாகப் பின்வாங்கி வந்த படையில் கந்தலோடும் வளர்ந்த தாடியோடும் புண்பட்ட முகத்தோடும் ஒருவர் எதிரே வந்தார். தன் சொந்தத் தம்பி ஜேம்ஸ் என்று பீலுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. படையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குப் பச்சைத் தோலை வெட்டிக் காலணி தைத்துக் கொடுத்தார். முகாமில் தங்கியிருந்த குளிர்கால மாதங்களில் அதிகாரிகளை நுண்ணோவியமாக வரைந்து கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பிவைக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸோடு சேர்ந்து துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்திப் பார்க்கும் முயற்சியும் அந்த நாட்களில் நடந்தது. சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, குழாய் கண்ணில் வந்து இடிக்கும். அதற்கும் ஏதாவது வழி உண்டா என்று பார்த்தார்கள்.

இனி அருங்காட்சியகக் கதை. பீலின் பெயர் அறிவியல் வரலாற்றில் நிற்பது இதனால்தான், எனவே இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

போர் முடிந்தபின், தன் வீட்டோடு ஒட்டி ஒரு நீண்ட ஓவியக்கூடம் வைத்திருந்தார். கூரையிலிருந்து வெளிச்சம் விழும்படி கட்டியது. புரட்சித் தலைவர்களின் உருவப்படங்கள் அங்கே மாட்டியிருந்தன. ஜெர்மன் மருத்துவர் ஒருவர் கேட்டுக்கொண்டதால், ஒஹாயோ பகுதியிலிருந்து வந்த சில பிரம்மாண்டமான எலும்புகளை வரைந்து தர ஒப்புக்கொண்டார். எலும்புகள் கூடத்தில் கிடந்தன. படம் பார்க்க வந்த அவருடைய மைத்துனர் எலும்பின் பக்கம் நகர்ந்து, இதைப் பார்க்க நான் இருபது மைல் நடந்து வருவேன், ஓவியத்துக்கு அப்படி வர மாட்டேன் என்கிற மாதிரி சொன்னாராம். வேறு ஓவியராக இருந்தால் மனம் வருந்தியிருப்பார். பீல் அதில் ஒரு வாய்ப்பைப் பார்த்தார். 1786 ஜூலையில் இயற்கைப் பொருட்களின் காட்சிக்கூடத்தை மக்களுக்குத் திறந்துவிடப் போவதாகப் பத்திரிகையில் அறிவித்தார்.

பாடம் செய்வது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கொடுத்த இறந்த அங்கோரா பூனை கெட்டுப்போயிற்று. பல மருந்துகளை மாற்றிப் பார்த்துக் கடைசியில் பாஷாணக் (ஆர்சனிக்) கரைசலுக்கு வந்து சேர்ந்தார். பூச்சி அண்டவில்லை. வாஷிங்டனிடம் இருந்த பொன்னிறக் காட்டுக்கோழிகள் இறந்தபோது 1787-இல் அவரே அவற்றைப் பீலுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பறவைகள் இன்றைக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பெரிய விலங்குகளுக்கு அவர் செய்த முறையைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவதுதான் வழக்கம். மிருகம் தலையணை போல உப்பி நிற்கும். பீல் அப்படிச் செய்யவில்லை. கால், தொடை, தசை மேடுகளை மரத்தில் செதுக்கி, அந்த மர உடலின் மேல் தோலை இழுத்துப் போர்த்தினார். சேணத்தின் மரச்சட்டத்தில் தோலை இழுத்துத் தைத்த கை இதைச் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? அவர் இப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை, இது என்னுடைய ஊகம். ஆனால் தோலுக்கு அடியில் ஒரு வடிவம் வேண்டும், வடிவம் தப்பினால் தோலும் தப்பும் என்பது அவர் பதின்மூன்று வயதில் கற்ற பாடம்.

அதன் மேல் ஓவியரின் கண் சேர்ந்தது. ஒவ்வொரு பறவைக்கும் பின்னால் அது வாழும் இடத்தைப் பின்னணியாக வரைந்தார். நீர்ப்பறவைக்கு நீர்நிலை, மலைப்பறவைக்குப் பாறை. மற்ற இடங்களில் பறவைகளை வெள்ளைப் பெட்டியில் நிறுத்திவைத்த காலத்தில் இது புதிது. 1787-இல் அங்கே போன மனாசா கட்லர் என்ற மதகுரு, செயற்கையாகக் கட்டிய ஒரு மேட்டையும் புதர்களையும் குட்டையையும் அவற்றில் அந்தந்த உயிர்கள் இருந்த விதத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார். உள்ளே நுழைந்ததும் பீல் கையில் எழுதுகோலோடு நிற்பதைப் பார்த்து, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கட்லர் தயங்கி ஒதுங்கினார். சற்று நேரத்தில் வேறொரு வாசல் வழியாக இன்னொரு பீல் வந்தார். முதலில் நின்றது மெழுகு உருவம்.

கண்ணை நம்பவைப்பதில் அவருக்குத் தீராத ஆசை. 1795-இல் தன் இரண்டு மகன்கள் மாடிப்படி ஏறுவதுபோல ஆளுயரத்தில் ஒரு படம் வரைந்து, அதை உண்மையான கதவுச் சட்டத்துக்குள் பொருத்தி, கீழே உண்மையான மரப்படி ஒன்றையும் வைத்தார். வாஷிங்டன் அந்த வழியாகப் போகும்போது படத்திலிருந்த பையன்களுக்கு மரியாதையாகத் தலை தாழ்த்தினார் என்று பீலின் மகன் ரெம்பிராண்ட் பிற்காலத்தில் எழுதினார். படம் இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையும் பின்னணி வரைந்த பறவைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலை என்பது தெரியும். வரைந்தது எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையைத்தான் இரண்டிலும் அவர் தொட்டுப் பார்க்கிறார்.

1794-இல் காட்சிக்கூடம் அமெரிக்கத் தத்துவக் கழகம் என்ற அறிஞர் சங்கத்தின் கட்டடத்துக்கு மாறியது. வண்டி வைக்காமல், அக்கம்பக்கத்துச் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு பாடம் செய்த விலங்கைத் தூக்கச் சொன்னார். காட்டெருமை முன்னே போக, சிறுத்தைகளும் மற்றவையும் தெருவில் ஊர்வலம் போயின. செலவு மிச்சம், ஊரெல்லாம் விளம்பரம். குடும்பமும் அங்கேயே குடியேறியது. அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்குக் கழக உறுப்பினர்களே ஃபிராங்க்ளின் என்று பெயர் வைத்தார்கள். மாநிலத் தலைநகர் வேறு ஊருக்குப் போனதால் காலியாகிக் கிடந்த மாநில அவைக் கட்டடத்துக்கு, அதாவது அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய அதே கட்டடத்துக்கு, 1802-இல் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் 25 சென்ட்.

அங்கே பறவைகள், உயிரினங்களை வகைப்படுத்த லின்னேயஸ் வகுத்த முறைப்படி கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே, சுவரின் உச்சியில், புரட்சித் தலைவர்கள், அறிஞர்கள் உருவப்படங்கள். இந்த அடுக்கை நான் அவருடைய மிகப் பெரிய படைப்பு என்று நினைக்கிறேன். இயற்கையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைச் சாதாரண மனிதர் 25 சென்ட் கொடுத்துப் பார்த்துப் படிக்கலாம், அப்படிப் படித்த மக்கள்தான் ஒரு குடியரசை நடத்த முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஐரோப்பாவில் அரிய பொருட்களின் தொகுப்புகள் பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டில் தொடங்கியவை. இவருடையது கடைவாசல் போல ஊருக்குத் திறந்திருந்தது. கண்டத்தின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழு அங்கிருந்து கொண்டுவந்த பொருட்களில் பல இங்கேதான் வந்தன. அமெரிக்கப் பறவைகளை முதன்முதலாக விரிவாக எழுதிய அலெக்சாண்டர் வில்சன் இங்கே இருந்த பறவைகளைப் பார்த்து வரைந்தார். ஜெர்மன் இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் 1804-இல் வந்தபோது அவரைத் தலைநகருக்குக் கூட்டிப்போய்க் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனைச் சந்திக்க வைத்தவர்களில் பீல் ஒருவர். ஹம்போல்ட்டை உருவப்படமாகவும் வரைந்தார்.

அடுத்தது எலும்புக்கூடு. அமெரிக்காவின் விலங்குகள் எல்லாம் ஐரோப்பிய விலங்குகளைவிடச் சிறியவை, அந்தக் கண்டத்தின் ஈரக்காற்றில் உயிர்கள் குன்றிப்போகும் என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் எழுதியிருந்தார். இது ஜெஃபர்சனைச் சுட்டது. எனவே ஒரு பிரம்மாண்டமான விலங்கின் முழு எலும்புக்கூடு என்பது வெறும் காட்சிப்பொருளாக இல்லாமல் நாட்டின் மானப் பிரச்சினையாகவே இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் நியூபர்க் அருகே ஜான் மாஸ்டன் என்ற விவசாயியின் நிலத்தில் சுண்ணாம்புச் சேறு வெட்டும்போது எலும்புகள் கிடைத்தன என்று செய்தி. 1801 கோடையில் பீல் அங்கே போனார். கிடைத்த எலும்புகளுக்கு 200 டாலர், மேற்கொண்டு தோண்டும் உரிமைக்கு 100 டாலர். அதோடு விவசாயியின் மகனுக்கு ஒரு துப்பாக்கியும் வீட்டுப் பெண்களுக்குப் புது உடைகளும். செலவுக்குத் தத்துவக் கழகம் 500 டாலர் கடன் கொடுத்தது.

குழி நிறையத் தண்ணீர். இறைக்க இறைக்க ஊறியது. பீல் ஒரு பெரிய சக்கரத்தைச் செய்யவைத்தார். ஏறக்குறைய இருபது அடி விட்டம். ஆட்கள் அதன் உள்ளே ஏறி நடக்க, சக்கரம் சுழலும். அது சங்கிலியில் கோத்த வாளிகளை இழுக்க, வாளிகள் தண்ணீரை மேலே கொண்டுவந்து தொட்டியில் கொட்டும். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள், சக்கரத்தில் ஏறி நடந்தும் பார்த்தார்கள். கடைசியில் கரை சரியத் தொடங்கியதால் அந்தக் குழியைக் கைவிட வேண்டியதாயிற்று. முக்கியமான கீழ்த்தாடை அங்கே கிடைக்கவில்லை. பக்கத்தில் வேறு இரண்டு இடங்களில் தோண்டி, அவற்றில் கடைசி இடத்தில்தான் தாடை கிடைத்தது.

எலும்புகளைக் கோத்து நிறுத்த மூன்று மாதம் ஆனது. உடற்கூறு அறிஞர் காஸ்பர் விஸ்டார் ஆலோசனை சொன்னார். காணாமல் போன எலும்புகளை, உடலின் மறுபக்கத்து எலும்பைப் பார்த்தும் இன்னொரு எலும்புக்கூட்டைப் பார்த்தும் மரத்தில் செதுக்கினார்கள். சிற்பி வில்லியம் ரஷ் அதில் கைகொடுத்தார். ஹெஸ்ஸீலியஸ் விட்டுவைத்த பாதி முகத்தை நிரப்பியவருக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1801 கிறிஸ்துமஸையொட்டிக் காட்சி திறந்தது. அதற்குத் தனியாக 50 சென்ட். ஊரே மாமத் மாமத் என்று பேசியது. உண்மையில் அது மாமத் என்ற அழிந்துபோன யானையினம் இல்லை, அதற்குத் தூரத்து உறவான வேறு விலங்கு. சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் உடற்கூறு அறிஞர் கூவியே அதற்கு மாஸ்டோடன் என்று பெயரிட்டார். மகன் ரெம்பிராண்ட் அது இறைச்சி தின்னும் மிருகம் என்று நம்பி, தந்தங்களைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டியதும் நடந்தது. ஆனால் அமெரிக்காவில் முழுமையாகக் கோத்து நிறுத்தப்பட்ட முதல் புதைபடிவ எலும்புக்கூடு அதுதான். உயிரினங்கள் அடியோடு அழிந்துபோக முடியுமா என்று உலகம் தர்க்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில், பிலடெல்பியாவில் ஒரு சேணக்காரர் சாட்சியை நிற்கவைத்துக் காட்டினார்.

அந்தத் தோண்டலைப் பிறகு 1806 முதல் 1808 வரை ஓவியமாக வரைந்தார். படம் பால்டிமோரில் இருக்கிறது. நடுவில் சக்கரம், கீழே குழியில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள், வானத்தில் திரண்டு வரும் மழை மேகம், ஓரத்தில் கையில் பெரிய எலும்பு வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி பீல். சுற்றிலும் அவருடைய குடும்பம். தோண்டும்போது அவர்களில் பலர் அங்கே இல்லை. 1804-இல் இறந்துபோன இரண்டாம் மனைவி எலிசபெத்தும் படத்தில் நிற்கிறார். அறிவியல் நிகழ்ச்சி ஒன்றை வரையப் போய்த் தன் மொத்த வாழ்க்கையையும் அந்தக் குழியைச் சுற்றி நிற்கவைத்துவிட்டார்.

இந்தக் கதையில் பொதுவாக விட்டுப்போகும் ஒருவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. மோசஸ் வில்லியம்ஸ். பீல் வரைந்த ஒரு படத்துக்குக் கூலியாக வந்த அடிமைத் தம்பதியின் மகன் அவர். பெற்றோரைப் பீல் 1786-இல் விடுவித்தார், பையனை வைத்துக்கொண்டார். பென்சில்வேனியாவின் படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் 1780-இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு மாநில அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இதே பீல். அருங்காட்சியகத்தில் பாடம் செய்வதிலும் எலும்புக்கூடு கோப்பதிலும் மோசஸின் உழைப்பு இருக்கிறது. ரெம்பிராண்ட், ரஃபேல், டிஷியன், ரூபன்ஸ் என்று ஐரோப்பிய ஓவியர் பெயர்களை வைத்த தன் பிள்ளைகளுக்குத் தூரிகை கொடுத்த தந்தை, அதே வீட்டில் வளர்ந்த மோசஸுக்குத் தூரிகையைக் கொடுக்கவில்லை. கொடுத்தது நிழலுருவம் வெட்டும் கருவி.

ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் கண்டுபிடித்த கருவி அது. முகத்தின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு பித்தளைத் துண்டை ஓட்ட, அந்தக் கோடு சிறியதாகி, நான்காக மடித்த தாளில் பதியும். கோட்டின் வழியே நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு படங்கள். வெட்டுவதற்கு 8 சென்ட் கூலி. மோசஸ் 1802-இல் விடுதலையாகி, அந்தக் கூலியைத் தன் வருமானமாக வைத்துக்கொண்டு அங்கேயே தொழில் செய்தார். முதல் ஆண்டில் 8,880 உருவங்கள் வெட்டினார் என்று பீலே எழுதியிருக்கிறார். அந்த வருமானத்தில் செங்கல் வீடு ஒன்றும் வாங்கினார். இன்று அந்தத் தாள்களில் இருப்பது அருங்காட்சியகத்தின் முத்திரை மட்டும். கத்திரி பிடித்தவர் பெயர் இல்லை. கருவி கோடு போடும், ஆனால் இமை மயிரையும் உதட்டின் மடிப்பையும் தலைமுடியின் சுருளையும் கத்திரி முனைதான் முடிவு செய்கிறது. அவரை ஓவியர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஹாக்கின்ஸின் இன்னொரு கருவி பாலிகிராஃப். நீங்கள் ஒரு பேனாவால் எழுத, சட்டங்களால் இணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அப்படியே எழுதும். 1803-இல் ஹாக்கின்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்று, இங்கிலாந்து திரும்பும்போது பீலிடம் பொறுப்பை விட்டார். ஜெஃபர்சனுக்கு இது உயிர். தன் கடிதங்களின் நகல் அனைத்தும் கையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அவர். சுருள்வில் தளர்கிறது, பேனாவின் சாய்வு சரியில்லை, பெட்டியைச் சிறியதாக்கலாமா என்று ஜெஃபர்சன் எழுத, பீல் திருத்தி அனுப்ப, வருடக்கணக்கில் இது ஓடியது. ஒரு நாட்டின் குடியரசுத் தலைவரும் ஒரு ஓவியரும் பேனாக் கூட்டின் கோணத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஜெஃபர்சனின் பிற்காலக் கடிதங்களின் நகல்கள் வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்திருப்பதில் அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. பீலுக்கு அதில் பெரிதாகப் பணம் வரவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1797-இல் மரப்பாலம் கட்டும் முறை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார், பலகைகளை அடுக்கி வளைத்து ஒரே வளைவில் ஆற்றைக் கடக்கும் திட்டம், கட்டப்படவில்லை. கணப்படுப்பில் விறகைச் சிக்கனமாக்கும் திருத்தத்துக்கு மகன் ரஃபேலோடு சேர்ந்து காப்புரிமை பெற்றார். நீராவிக் குளியல் பெட்டி செய்தார். 1819-இல் இரும்பில் ஒரு மிதிவண்டியின் மூதாதையைச் செய்தார், காலால் தரையை உந்திக்கொண்டு ஓட்டுவது. 1810-இல் ஜெர்மன்டவுன் பக்கம் நிலம் வாங்கிக் கலப்பை, காற்றாலை, தோட்டம் என்று பத்து வருடம் விவசாயம் பார்த்தார். 'நான் வயதானவன், ஆனால் இளம் தோட்டக்காரன்' என்று பலரும் மேற்கோள் காட்டும் ஜெஃபர்சன் வாக்கியம் 1811-இல் பீலுக்கு எழுதிய கடிதத்தில் வருவதுதான். முதுமையில் பீங்கானில் பல்செட் செய்யப் புகுந்தார். தனக்கும் செய்துகொண்டார், பிறருக்கும் செய்து விற்றார். வாய்க்குள் பொருந்தாத பல் முகத்தின் வடிவத்தையே மாற்றிவிடும் என்பது உருவப்பட ஓவியருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. இத்தனையும் அவர் ஓவியத்தைக் கெடுத்ததா? நேரத்தைத் தின்றது உண்மை. அருங்காட்சியகம் நடந்த ஆண்டுகளில் பல காலம் தூரிகையை ஒதுக்கிவைத்திருந்தார். அக்காலத்து உருவப்பட ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் போன்றவர்களின் சதை நிறமும் தூரிகை ஓட்டமும் பீலிடம் கிடையாது. அவருடைய ஆட்களின் தலை கொஞ்சம் முட்டை வடிவாக, கண்கள் எல்லாம் ஒரே சாடையில் இருக்கும். குடும்பத்துக்கும் விலை உண்டு. மூத்த மகன் ரஃபேல் அருங்காட்சியகத்தில் பாஷாணத்தோடும் பாதரச உப்போடும் பல காலம் வேலை பார்த்தார். கீல்வாதத்தாலும் நோயாலும் வதங்கி 1825-இல், தந்தைக்கு முன்பே இறந்தார். அந்த நஞ்சும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பழமும் கிண்ணமும் மட்டுமே இருக்கும் ரஃபேலின் சிறிய ஓவியங்கள் இன்று தந்தையின் பெரும்பாலான படங்களைவிட உயர்வாக மதிக்கப்படுகின்றன, அந்த மதிப்பு சரியானதுதான்.

ஆனால் பீலின் கடைசிக் காலப் படங்களைப் பாருங்கள். 1819-இல், எழுபத்தேழு வயதில், ஜார்ஜ்டவுனில் 'யாரோ மாமூத்' (Yarrow Mamout) என்ற பெயருள்ள முதியவரைத் தேடிப்போனார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பிறகு விடுதலை பெற்று, வீடும் வங்கிப் பங்கும் வைத்திருந்த இஸ்லாமியர். அவருக்கு 140 வயது என்று ஊரில் பேச்சு. நீண்ட ஆயுளின் காரணம் என்ன என்பது பீல் நெடுநாளாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. எனவே போனது ஆராய்ச்சிக்கு. வயதைச் சரிபார்க்க முன்னாள் எசமானர் குடும்பத்திடமும் போய் விசாரித்தார். இரண்டு நாள் உட்காரவைத்து வரைந்தார். கம்பளித் தொப்பி, கோட்டின் காலர் மேலே சுருண்டு நிற்க, கண்ணோரச் சுருக்கங்களில் ஒரு குறும்பு, லேசாகத் தூக்கிய உதடு. வயது பற்றிய ஊர்ப்பேச்சு பொய்த்தது, அவருக்கு எண்பதுக்குச் சற்று மேலேதான் இருந்திருக்கும். படம் பொய்க்கவில்லை. அக்காலத்து அமெரிக்க ஓவியத்தில் ஒரு கறுப்பின மனிதர் இவ்வளவு தனக்கே உரிய முகத்தோடு பார்ப்பது மிக அரிது. விஞ்ஞான ஆசை இல்லாமல் இந்தப் படம் பிறந்திருக்காது.

1822-இல், எண்பத்தொரு வயதில், அருங்காட்சியக நிர்வாகிகள் கேட்டதற்காகத் தன்னையே ஆளுயரத்தில் வரைந்தார். கருஞ்சிவப்புத் திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் நீண்ட கூடம், பறவைப் பெட்டிகள், மேலே உருவப்படங்கள். திரையின் ஓரத்தில் பாதி தெரிகிறது மாஸ்டோடன். முன்னால் மேசையில் வண்ணத்தட்டு, தரையில் பிரம்மாண்டமான தாடை எலும்பு, மறுபக்கம் பாடம் செய்யும் கருவிப்பெட்டி, அதன் மேல் இறந்த வான்கோழி ஒன்று தலை தொங்கக் கிடக்கிறது. மகன் டிஷியன் மேற்குப் பயணத்திலிருந்து கொண்டுவந்தது, இனிமேல்தான் பாடம் செய்ய வேண்டும். வண்ணத்தட்டு, எலும்பு, கருவிப்பெட்டி மூன்றில் எதையும் அவர் உயர்த்தியும் வைக்கவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு அவரே எழுதிய பதில் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் சுவரில் தொங்குகிறது. அந்தக் கழகத்தை 1805-இல் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர்.

1827 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதற்குச் சற்று முன், எண்பத்தைந்து வயதில், நான்காவது திருமணம் பேசி நியூயார்க் போய், மறுப்பு வாங்கி, திரும்பும் வழியில் தன் பெட்டியைத் தானே சுமந்து நடந்ததில் உடம்பு கெட்டது. அருங்காட்சியகத்தை அரசு ஏற்று நடத்த வேண்டும் என்று அவர் பல முறை கேட்டும் நடக்கவில்லை. 1840-களின் இறுதியில் மூடப்பட்டது. பாடம் செய்த விலங்குகளில் ஒரு பகுதியை வாங்கிய, கேளிக்கைக் காட்சிகள் நடத்திய பார்னமின் கூடம் தீப்பிடித்து எரிந்தது. பாஸ்டனுக்குப் போன பகுதியில் எஞ்சியவைதான் ஹார்வர்டில் இருப்பவை. 1854-இல் ஏலம் போன உருவப்படங்களில் பலவற்றைப் பிலடெல்பியா நகரம் வாங்கிக்கொண்டது. அங்கே 'அமெரிக்க இரண்டாம் வங்கி' இருந்த பழைய கட்டடத்தில் இப்போதும் அவற்றைப் பார்க்கலாம். எலும்புக்கூடு கடல் கடந்து ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2020-இல் ஹம்போல்ட் பற்றிய ஒரு கண்காட்சிக்காக வாஷிங்டனுக்கு இரவலாக வந்து, காட்சி முடிந்ததும் டார்ம்ஸ்டாட்டுக்கே திரும்பியது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஓவியத்தை மட்டும் பார்க்க நினைத்தால், முதலில் மாமூத்தின் படத்திடம் போங்கள். அதுவும் மாடிப்படிப் படமும் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன.